நஷ்டப்பட்டவளின் சாட்சி

பள்ளிப் பேருந்தின் படிகளில் வெள்ளையாகக் காய்ந்துகிடந்த, பனி கரையச் சாலையில் தூவும் உப்பை வெர்லீன் ப்ரூயிட் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. மெத்தென்ற ஆண் குரல். 'செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடு' பாட்டைப் பாடிய வெர்லீன் ப்ரூயிட்தானே பேசுவது என்று கேட்டது. அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்தப் பாட்டைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கொட்டகையில் இருந்த ஓட்டுநர்களில் எவனோ குரலை மாற்றி விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் மன்னிப்புக் கேட்டு வைக்கப்போகும் நேரத்தில், "நான்தான். என்ன விஷயம்?" என்றாள்.

பேசியவர் கிரேஸன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் வக்கீல், பெயர் ஹேல். மிச்சிகனின் வடகோடியில், ஏரிக்கு அப்பால், வேய்ன் கோஸ்கெலா என்றொருவன் ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் காசு கொடுக்காமல் இறக்கி வைத்திருந்தான். தன்னிடம் இருந்ததை ஊர் உலகமெல்லாம் இறக்கிக்கொள்ளும்படி திறந்தும் வைத்திருந்தான். அவன்மேல் கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. வழக்குக்காகப் பொறுக்கி எடுத்த இருபது சொச்சம் பாட்டுகளில் அவளுடையதும் ஒன்று. மார்க்கெட் என்ற பெயருள்ள ஊரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் டிசம்பரில் விசாரணை. இந்தத் திருட்டால் நஷ்டப்பட்ட ஒரு பாடகியின் குரலை ஜூரிகள் கேட்க வேண்டும். வந்து சாட்சி சொல்ல முடியுமா? இவ்வளவையும் அவர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, கடைசியில், ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, பழைய இசைத்தட்டுகள் சிலவற்றைக் கம்பெனி மறுபடி வெளியிட யோசித்துவருகிறது, வழக்கு முடிந்ததும் அந்தப் பிரிவில் தான் ஒரு வார்த்தை சொல்ல முடியும் என்றார்.

அன்று மாலை அக்கா ஒடெஸாவிடம் இதைச் சொன்னாள். ஒடெஸா சமையலறையில் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவே இல்லை.

"அடியே, முப்பது வருஷமா உன் பேரு ஞாபகம் வராத கம்பெனிக்கு இப்ப எப்படிடி வந்துச்சு? பெரிய பாடகருங்களக் கூட்டிட்டுப் போனா ஜூரிக்குப் பாவமா இருக்காது. அவங்க கழுத்துச் சங்கிலிய வித்தாலே இந்த ஊர வாங்கலாம். உன்னக் காட்டுனா பாவமா இருக்கும்."

வெர்லீனுக்கும் அது தெரியாமல் இல்லை. எழுபத்து நாலில், இருபத்து நாலு வயதில், டெட்ராய்ட்டில் ஒரு பல் டாக்டர் வீட்டு நிலவறையில் பத்துப் பாட்டு பாடிப் பதிவு செய்தாள். அதில் ஒரு பாட்டு அந்தக் கோடைகாலம் முழுக்க டெட்ராய்ட் வானொலியில் ஒலித்தது. சிவப்பு விளக்கில் நிற்கும் கார்களின் சன்னல் வழியே தன் குரல் தன்னையே தாண்டிப் போவதை அவள் கேட்டிருக்கிறாள். ஒப்பந்தத்தில் ஒரு காரின் பானட்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கிடைத்தது ஒரே ஒரு காசோலையும் ஒரு பச்சைக் கோட்டும். அந்தச் சின்னக் கம்பெனியை இன்னொன்று வாங்கியது, அதை வேறொன்று, கடைசியில் எல்லாம் கிரேஸனிடம் போய்ச் சேர்ந்தது. யாரும் துப்பாக்கியைக் காட்டி அவளிடம் பிடுங்கவில்லை. குளிர்காலத்தில் பகல் குறைவதுபோல, அது பாட்டுக்கு அவளிடமிருந்து போய்விட்டது. பிறகு கார்த் தொழிற்சாலை, அது மூடியதும் பள்ளிப் பேருந்து. ஞாயிறுகளில் தேவாலயத்தில் பாடுவாள். அந்தப் பாட்டை மட்டும் குளியலறையில்கூடப் பாடுவதில்லை. விற்றுவிட்ட வீட்டுக்குள், பழைய சாவி கையில் இருக்கிறது என்பதற்காக நுழைய முடியுமா?

ஆனாலும் போவதென்று முடிவு செய்தாள். அந்தப் பாட்டைப் புதிய வட்டில், தன் பெயர் அச்சிட்ட உறையில், ஒரு முறை கையில் பிடித்துப் பார்க்க ஆசை. இன்னொன்றும் உண்டு. திருடர்களை அவளுக்கு உண்மையிலேயே பிடிக்காது. அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டு "சும்மாதானே கிடந்தது" என்று சொல்லும் வாய்களைப் பேருந்தில் அவள் தினமும் பார்த்தவள். அந்த வேய்னைப் பற்றி ஹேல் சொன்னதும் அவளுக்கு எரிச்சலைத்தான் தந்தது. கம்பெனி முதலில் சமாதானமாகப் போகலாமென்று சொன்னபோது அவன் பதிலே போடவில்லை. பிறகு தன் வீட்டில் யாரும் எதையும் இறக்கவில்லை என்றான். அதற்கும் பிறகு கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய் மாற்றிவிட்டதாகச் சொன்னான். மாற்றியது வழக்கு வந்த மறுவாரம். பொய்யும் சொல்லத் தெரியாத திருடன் என்று நினைத்துக்கொண்டாள்.

தன் காரிலேயே போனாள். ஏரியைக் கடக்கும் மேக்கினா பாலத்தின்மேல் போகும்போது காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நாற்பது குழந்தைகள் பின்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டினாள். அப்படித்தான் அவளுக்கு ஓட்ட வரும்.

மறுநாள் காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஹேல் அவளுக்குச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னார். உயரமான, மெலிந்த மனிதர். பனியில் நடக்கத் தெரியாத நகரத்து ஷூ போட்டிருந்தார். நஷ்டம் இவ்வளவு என்று கம்பெனி கணக்குக் காட்டத் தேவையில்லை. சட்டமே ஏணி போட்டு வைத்திருக்கிறது. ஒரு பாட்டுக்கு எழுநூற்றைம்பது டாலர் கீழ்ப்படி. வேண்டுமென்றே செய்தது என்று ஜூரிகள் நினைத்தால், அதே பாட்டுக்கு ஒன்றரை லட்சம்வரை ஏறிப் போகலாம். "அவ்வளவு உயரம் ஏறச் சொல்லி நாங்கள் கேட்கப்போவதில்லை" என்றார் அவர் பெருந்தன்மையாக. கேட்கப்போவது எவ்வளவு என்று அவள் விசாரித்தாள். அவர் சொன்ன தொகையை இருபது சொச்சத்தால் பெருக்கிப் பார்த்தாள். அவள் ஓய்வுபெறும்வரை ஓட்டினாலும், செத்துப் பிறந்து மறுபடி ஓட்டினாலும் அந்தப் பணம் வராது. "அவன் என்ன வேலை பார்க்கிறான்?" என்றாள். வீடுகளைச் சூடாக்கும் அடுப்புகள், கொதிகலன்கள் பழுது பார்க்கிறவன், மனைவியும் இரண்டு பெண்களும் உண்டு, சொந்தக் கையால் கட்டிய ஒரு வீடு உண்டு என்றார் ஹேல். கடைசியைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

சாட்சி சொல்லி முடிக்கும்வரை அவள் உள்ளே உட்காரக் கூடாது. மதியம்வரை தாழ்வாரத்துப் பெஞ்சில் இருந்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருந்த சிறிய உணவறைக்குப் போனாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டி ஒன்று வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அகலத் தோளும் மணல்நிறத் தாடியுமாக ஒருவன் கையில் தட்டோடு வந்தான். வேறு யாருக்கோ தைத்ததுபோன்ற கோட்டு, கழுத்தை இறுக்கும் டை. இவன்தான் வேய்ன் என்று காலையில் தாழ்வாரத்தில் ஹேல் அவளுக்குக் காட்டியிருந்தார். அவன் நேராக அவள் மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"மிஸ் வெர்லீன், உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு என் வக்கீலம்மா சொல்லியிருக்காங்க. உங்க வக்கீலும் அதத்தான் சொல்லியிருப்பாரு."

"சொன்னாரு. அப்புறம் ஏன் வந்தே?"

"மைக்ரோவேவ் உங்க பின்னாடிதான் இருக்கு. என் பேஸ்டி ஆறிப்போச்சு."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள். மைக்ரோவேவ் சுற்றிக்கொண்டிருந்தபோது அவன் அதன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, திரும்பாமலேயே, அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவனுடைய அப்பா நெகானியில் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தில் வேலை நிறுத்தம் நடந்த ஒரு வருடம் மட்டும் டெட்ராய்ட்டுக்குப் போய்க் கார்த் தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தார். வரும்போது கொண்டுவந்தது ஒரு ஜதை பூட்ஸும் அந்த இசைத்தட்டும். அப்பாவுக்குப் பேச்சு குறைவு. சனிக்கிழமைகளில் சானா என்கிற ஆவிக்குளியல் அறையில் வியர்க்க உட்கார்ந்துவிட்டு வந்து, துண்டோடு நின்று அந்த ஒரு பாட்டைப் போடுவார். வேய்னுக்கு ஒன்பது வயதில் அந்த இசைத்தட்டைப் பறக்கும் தட்டாக வீசி விளையாடத் தோன்றியது. அது கொட்டகைச் சுவரில் போய் மோதி உடைந்தது. அப்பா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. வளர்ந்த பிறகு அவன் அந்தத் தட்டைத் தேடி கிரீன் பே நகரம் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினான். கம்பெனியே அதை எப்போதோ நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். சுரங்கத் தூசி அப்பாவின் நுரையீரலைக் கெடுத்து அவர் வீட்டோடு ஆன பிறகு, ஒரு நாள் கம்ப்யூட்டரில் பாட்டின் பெயரை அடித்துப் பார்த்தான். பெல்ஜியத்தில் எவனோ ஒருவனிடம் இருந்தது. காப்பி ஆறுவதற்குள் வந்து இறங்கிவிட்டது.

"அப்பா என்ன சொன்னாரு?" என்றாள் வெர்லீன். கேட்கக் கூடாதென்றுதான் இருந்தாள்.

"முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு, 'இது அது இல்லடா. ரெண்டாவது அடியில ஒரு கீறல் வரணும், இதுல வரல'ன்னாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அது ஒரு பாட்டு. மத்த ஆயிரம் பாட்டு?"

வேய்ன் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"மத்ததெல்லாம் கஞ்சத்தனம், மிஸ் வெர்லீன். கடையில கெடச்சிருக்கும், நான் வாங்கல. சும்மா கெடைக்குதுன்னு அள்ளினேன். மாட்டிக்கிட்டதும் பயந்துபோய்ப் பொய் சொன்னேன். இன்னைக்குக் காலையில உள்ள ஒத்துக்கிட்டேன். எம் பொண்டாட்டி நாலு மாசமா ராத்திரி தூங்கல."

சொல்லிவிட்டுத் தூரத்து மேசைக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். தனக்காக ஏதாவது சொல்லுங்கள் என்று அவன் கேட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பாள். அவன் கேட்கவில்லை. பெல்ஜியம் எங்கே இருக்கிறதென்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒருவன், ஆங்கிலம் தாய்மொழிகூட இல்லாதவன், அவளுடைய பாட்டைத் தூசி தட்டி வைத்திருக்கிறான். கிரேஸனின் கிடங்கில் எங்கோ மூல நாடா இருக்கும். அதை யாரும் திறந்து எத்தனை வருடமோ.

மதியத்துக்குப் பிறகு அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வெப்பம் போதாத அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹேல் நயமாகவே கேட்டார். அந்தப் பாட்டை எப்படி உருவாக்கினீர்கள், எத்தனை முறை ஒத்திகை பார்த்தீர்கள், அது உங்களுக்கு என்ன. அவள் சொன்னாள். நிலவறையில் பல் டாக்டரின் துளைக்கும் கருவி மேலே ஓடாத நேரமாகப் பார்த்துப் பாடியதைச் சொன்னபோது ஜூரிகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும், கன்னம் சிவந்த, தடித்த விரல்கள் உள்ளவர், சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள் உழைப்பை முன்பின் தெரியாத ஒருவர் ஒரு காசு கொடுக்காமல் எடுத்து உலகத்துக்கெல்லாம் வாரி இறைத்தார் என்று தெரிந்தபோது எப்படி இருந்தது?" என்று கேட்டார் ஹேல். கோபம் வந்தது என்றாள் அவள். அது உண்மைதான். ஹேல் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

வேய்னுக்காக எழுந்தவள் ஜோன் டிக்கனென் என்ற உள்ளூர் வக்கீல். விவாகரத்தும் பனிவண்டி விபத்தும் பார்க்கிறவள். இந்த மாதிரி வழக்கு அவளுக்கு இதுதான் முதல். இரண்டே கேள்விகள் கேட்டாள். அந்தப் பாட்டுக்காகக் கிரேஸன் கம்பெனி இதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறது? வெர்லீன், ஒன்றுமில்லை என்றாள். சென்ற வருடம் யாராவது அதைக் காசு கொடுத்து வாங்க நினைத்திருந்தால் எங்கே போயிருக்க வேண்டும்? வெர்லீன் சற்று யோசித்தாள். "எனக்கே தெரியாதும்மா. என்கிட்டயே ஒண்ணு இல்ல" என்றாள்.

ஹேல் மறுபடி எழுந்தார். இந்த முறை குரலில் மெத்து கொஞ்சம் குறைந்திருந்தது.

"மிஸ் ப்ரூயிட், அப்படின்னா இவர எந்தத் தண்டனையும் இல்லாம அனுப்பிடலாம்னு சொல்றீங்களா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இல்லை என்று சொன்னால் ஹேல் அத்தோடு உட்கார்ந்துவிடுவார். புதிய வட்டும் தன் பெயர் அச்சிட்ட உறையும் அவள் கண்முன் வந்தன. வேய்ன் மேசையைப் பார்த்துக் குனிந்திருந்தான். அவனுக்குப் பின்னால் வெளிறிய ஒரு பெண் நீலக் குளிர்த்தொப்பியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் மனைவியாகத்தான் இருக்க வேண்டும்.

"இல்ல சார், சும்மா விடக் கூடாது" என்றாள் வெர்லீன். "தப்பு தப்புதான். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவ. சீட்டக் கத்தியால கிழிக்கிறவங்கள நான் சும்மா விட்டதில்ல. ஒரு வாரம் என் பின்னாடி முன்சீட்டுல உக்காரணும், கிழிச்சதத் தைக்கணும், எல்லாரும் பாக்கப் பாக்க. அதுக்கப்புறம் அவங்க திரும்பக் கிழிச்சதில்ல. ஆனா ஒரு சீட்டுக்காக அவங்க அப்பன் வீட்ட எழுதி வாங்கினதில்ல. அப்படி வாங்கினா, சீட்டுக்கு நான் வெல வெக்கல. பயமுறுத்துறதுக்கு ஒரு வீட்டப் பிடுங்குறேன், அவ்வளவுதான்."

ஹேல் ஆட்சேபித்தார். தன் சாட்சியையே ஆட்சேபிக்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். அறையில் லேசான சலசலப்பு எழுந்து அடங்கியது. சாட்சியின் தண்டனை பற்றிய கருத்தை ஜூரிகள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நீதிபதி அறிவுறுத்தினார். எடுக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டதை அவர்கள் பன்னிரண்டு பேரும் நன்றாகக் கேட்டிருந்தார்கள். வெர்லீன் கூண்டிலிருந்து இறங்கினாள்.

தாழ்வாரத்தில் ஹேல் அவளிடம் கோபப்படவில்லை. வந்ததற்கு நன்றி சொன்னார், அறை வாடகை கட்டப்பட்டுவிட்டது என்றார். மறுவெளியீட்டைப் பற்றி அவளே கேட்டாள். அது வேறொரு பிரிவு முடிவு செய்யும் விஷயம் என்றார். நேற்றுவரை அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தவர்தான். அவள் தலையசைத்தாள். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது பசிதான். மதியம் பேஸ்டியில் பாதியைத் தொடாமலே வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட எண்ணியிருந்தாள். பாலத்தின் கம்பிகளிலிருந்து பனிக்கட்டிகள் பாளம் பாளமாக விழுவதால் போக்குவரத்தை நிறுத்திவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். பள்ளிக்குத் தொலைபேசி செய்து இன்னொரு நாள் விடுப்புச் சொன்னாள். வேறு போக்கிடம் இல்லாததால் நீதிமன்றத்துக்கே போய், இந்த முறை உள்ளே, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஜூரிகள் காலையில் உள்ளே போனவர்கள் மதியம் கழிந்துதான் வந்தார்கள். வேண்டுமென்றே செய்த குற்றம் என்று தீர்ப்பு வந்தது. வேய்னின் மனைவி கண்களை மூடிக்கொண்டாள். பிறகு தொகை. முதல் பாட்டுக்கு எழுநூற்றைம்பது. இரண்டாவதுக்கு எழுநூற்றைம்பது. நீதிமன்ற எழுத்தர் ஒவ்வொரு பாட்டாக வாசித்துக்கொண்டே போனார், எண் மாறவே இல்லை. நான்காவதோ ஐந்தாவதோ வந்தபோதுதான் வேய்னுக்குப் புரிந்தது. அவன் தோள்கள் ஒரு முறை ஏறி இறங்கின. சின்னத் தொகை இல்லை. பல குளிர்காலங்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஊரார் கொதிகலன்களுக்குள் தலையை விட்டுத்தான் கட்டி முடிக்க வேண்டும். ஆனால் வீடு நிற்கும். இறக்கிய பாட்டுகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும் என்றும் கம்பெனி கேட்டது. சரி என்றான்.

வெளியே வந்தபோது பனி நின்றிருந்தது. ஏரியின் பக்கம் மேகம் பிளந்து, வாகனம் நிறுத்துமிடம் முழுக்கச் சாய்ந்த வெயில். வேய்ன் தன் வண்டியின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி உள்ளே உட்கார்ந்து இஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு வண்டி தள்ளித்தான் வெர்லீனின் கார். அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனும் அசைத்தான். அப்போது ஜூரியில் முன்வரிசையில் இருந்த அந்தப் பெரியவர், காதுமடல் வைத்த தொப்பியை மாட்டிக்கொண்டு, வழுக்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்து அவளிடம் வந்தார். தன் பெயர் ஆர்விட், கார்ன் ஏரிப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவர் என்றார். வழக்கு முடிந்துவிட்டதால் இனிப் பேசலாமாம், நீதிபதியே சொல்லிவிட்டாராம். உள்ளே மூன்று பேர் மேலே ஏறலாம் என்றார்கள், பேசிப் பேசித்தான் இறக்கினோம் என்றார். பிறகு வேய்னையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கீழ்ப்படியிலதான் நின்னோம். அதுக்குக் கீழ சட்டத்துல படி இல்ல. இருந்திருந்தா எறங்கியிருப்போம்."

வேய்ன் சுரண்டுவதை நிறுத்தினான். தரையைப் பார்த்து, "தெரியும் சார். நன்றி" என்றான்.

ஆர்விட் தொண்டையைச் செருமினார். வந்த விஷயம் இன்னும் முடியவில்லை என்பது தெரிந்தது. வழக்கில் அந்தப் பாட்டின் பெயரை நூறு தடவை சொன்னார்கள். பாட்டை மட்டும் யாரும் போட்டுக் காட்டவில்லை. நேற்று வீட்டுக்குப் போனதிலிருந்து அது எப்படி இருக்கும் என்ற நினைப்புதான். ஜூரியாக இருப்பதால் வீட்டுக்காரியிடம்கூடக் கேட்க முடியவில்லை.

"எங்க வாங்கலாம்னு சொன்னீங்கன்னா, காசு குடுத்தே வாங்கிடுவேன்."

"எங்கயும் கெடைக்காது" என்றாள் வெர்லீன்.

பிறகு அவளும் ஆர்விட்டும், இருவருமே அறியாமல், ஒரே சமயத்தில் வேய்னைப் பார்த்தார்கள். வேய்ன் சுரண்டியோடு இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

"நான் வாயே தெறக்கல. இப்பதான் அழிக்கிறேன்னு ஒத்துக்கிட்டு வரேன்."

முதலில் சிரித்தது ஆர்விட். வயிறு குலுங்க, தொப்பி நழுவ, வழுக்காமலிருக்க வெர்லீனின் கார்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். வெர்லீனுக்கும் அடக்க முடியவில்லை. வேய்னின் மனைவி என்னவோ ஏதோவென்று கண்ணாடியை இறக்கினாள். நாலு மாதமாகத் தூங்காத அந்த முகத்தை வெர்லீன் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது.

சிரிப்பு ஓய்ந்தபோது வெர்லீன் கையிலிருந்த காப்பிக் கோப்பையை ஆர்விட்டிடம் நீட்டினாள். "இதக் கொஞ்சம் புடிங்க" என்றாள். அவர் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார். அவள் கழுத்துத் துணியைத் தளர்த்தினாள். காற்றில் குளிர் ஊசியாக இருந்தது. இந்தக் குளிரில் தொண்டையைத் திறக்கக் கூடாதென்று தேவாலயப் பாடகர் குழுவில் இளசுகளுக்கு எப்போதும் சொல்கிறவள் அவள்தான். பாட்டின் சுருதியைப் பழைய இடத்தில் தேடினாள். அவ்வளவு மேலே இப்போது போகாது. ஒரு படி இறக்கினாள், இன்னும் ஒன்று. அங்கே குரல் நின்றது. கண்ணை மூடவில்லை. ஏரிக்கு மேல் பிளந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு முதல் அடியைப் பாடினாள்.

வார்த்தைகள் எல்லாம் இருந்தன. குரல் தடித்திருந்தது, ஓரங்களில் கரகரத்தது, ஆனால் அந்தக் கரகரப்பும் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆர்விட் தொப்பியைக் கழற்றி, காப்பியையும் அதையும் சேர்த்து மார்போடு பிடித்துக்கொண்டார். வண்டிக்குள்ளிருந்த பெண் கை நீட்டி இஞ்சினை அணைத்தாள். இரண்டாவது அடி வந்தபோது வேய்ன் தலையை லேசாகச் சாய்த்தான், ஒரு கீறலுக்குக் காத்திருப்பவனைப்போல. நீதிமன்றத்தின் கதவு திறந்தது. ஹேல் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். உறைந்த தரையில் சக்கரங்கள் கடகடவென்று சத்தமிட்டன. நாலு தப்படி வந்தவர் அவர்களைப் பார்த்தார். பெட்டியைக் கையால் தூக்கினார், சத்தம் வராமல், தூக்கியபடியே, அந்த மெல்லிய ஷூவோடு பனியில் அசையாமல் நின்றார். வெர்லீனின் வாயிலிருந்து எழுந்த வெள்ளை ஆவி வெயிலில் அவர்கள் எல்லோர் தலைக்கும் மேலாகப் போய்க்கொண்டிருந்தது.